குளிர்காலமும் கேமராவும்: வாசகர் கேள்வி பதில்

குளிர் ஆரம்பிச்சா போதும், போட்டோ பத்தின கேள்விகள் வரிசையா வர ஆரம்பிச்சிடும். இந்தத் தடவ வந்ததுல முக்காவாசி, வேலைக்குப் போயிக்கிட்டே, வீட்டையும் பாத்துக்கிட்டே, கெடைக்கற நேரத்துல படம் எடுக்கறவங்களோடது. அதனால பக்கம் முழுக்க அவங்களுக்கே.

கேள்வி: ஆபீஸ் வேலை, வாரத்துல ஒரு நாள்தான் லீவு, அதுலயும் பாதி வீட்டு வேலையில போயிடுது. குளிர்காலத்துல பகல் வேற கம்மி. இப்படி இருந்தா போட்டோகிராபியில எப்ப முன்னேறுறது? பேசாம வெயில் காலம் வர்ற வரைக்கும் கேமராவ பீரோவுல வச்சிடலாமா?

பதில்: வைக்காதீங்க சார், வேலைக்குப் போறவங்களுக்கு வருஷத்துலயே தோதான சீசன் இதுதான். வெயில் காலத்துல நல்ல லைட் வேணும்னா அர்த்த ராத்திரியில எந்திரிச்ச மாதிரி எந்திரிக்கணும், சாயங்கால லைட் வர்றதுக்குள்ள வீட்ல எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கப் போயிடுவாங்க. குளிர்காலத்துல சூரியன் லேட்டா வருது, சீக்கிரம் போகுது, அதுவும் பகல் பூரா தாழ்வாவே நகருது. பூமி 23.4 டிகிரி சாஞ்சு சுத்துறதால வர்ற விஷயம் இது. சூரியன் 10 டிகிரி உயரத்துல நிக்கறப்ப 6 அடி ஆளோட நிழல் 34 அடி நீளம் விழும், யோசிச்சுப் பாருங்க. உழுத நிலத்துல ஒவ்வொரு சால் மேட்டுக்கும் தனித்தனியா ஒரு நிழல், கல்லுச் சுவத்துல ஒவ்வொரு கல்லும் துருத்திக்கிட்டுத் தெரியும், கோடையில அதே இடம் தட்டையா கெடக்கும்.

இன்னொரு விஷயம் நெறைய பேர் கவனிக்கறதில்ல. வருஷத்தோட குட்டிப் பகல் இருக்கற நாள்லதான் சூரியன் ரொம்ப லேட்டா உதிக்கும், ரொம்ப சீக்கிரம் மறையும்னு நெனச்சுக்கறோம், ஆனா அப்படி இல்ல. பூமியோட வட பாதியில குட்டிப் பகல் டிசம்பர் 21 வாக்குல வருது, சீக்கிரமா மறையற நாள் அதுக்கு முன்னாடியே வந்துடும், லேட்டா உதிக்கற நாள் அதுக்கப்புறம், ஜனவரியிலதான் வரும். அதனால ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி காலையில எடுக்கறவங்களுக்கு ஜனவரி ரொம்ப வசதி. தென் பாதியில இருக்கறவங்க இத அப்படியே ஜூன், ஜூலைக்கு மாத்திக்கங்க.

முன்னேறுறது எப்படின்னு கேட்டீங்கல்ல, அதுக்கு என்கிட்ட ஒரே பதில்தான் இருக்கு, நான் ரொம்ப நம்பற பதில். ஒரு இடத்தப் பிடிச்சுக்கங்க. வீட்லேர்ந்து அரை மணி நேரத்துல போற மாதிரி, ஒரு குளமோ, நாலு மரம் நிக்கற வயல் ஓரமோ, பழைய பாலமோ, எதுவானாலும் சரி, அங்கயே திரும்பத் திரும்பப் போங்க. புது இடத்துக்குப் போனா முதல் ஒரு மணி நேரம் எங்க நிக்கறதுன்னு தேடறதுலயே ஓடிடும். தெரிஞ்ச இடத்துல வண்டிய நிறுத்தினதுமே, இன்னிக்கு காத்து இல்ல, அப்ப தண்ணியில மரம் விழும், மேற்குக் கரைக்குப் போவோம்னு கால் தானா நடக்கும். கொஞ்ச நேரமே இருக்கறவங்களுக்கு இத விட பெரிய லாபம் கெடையாது.

வேலை வேற, போட்டோ வேறன்னு வாழ்ந்தவங்க சாதிக்கலன்னு யார் சொன்னது? அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல ஜெரிக்கோன்னு ஒரு ஊர், அங்க வில்சன் பென்ட்லின்னு ஒரு விவசாயி. மைக்ரோஸ்கோப்ப கேமராவோட சேத்துக் கட்டி, 1885 ஜனவரி 15ஆம் தேதி ஒத்தப் பனித்துகள படம் எடுத்தாரு, அப்ப அவருக்கு வயசு 19. 1931ல இறக்கற வரைக்கும் 5000த்துக்கு மேல எடுத்துட்டாரு. பண்ணை வேலையும் நிக்கல. தன் வீட்டு மேல விழுந்த பனியத்தான் வாழ்நாள் பூரா எடுத்துக்கிட்டு இருந்தாரு, வேற எங்கயும் தேடிப் போகல.

கேள்வி: மூடுபனியப் பாத்தா கண்ணுக்கு அவ்ளோ அழகா இருக்கு, எடுத்துப் பாத்தா வெறும் சாம்பல் கலர். என்ன தப்பு பண்றேன்?

பதில்: கண்ணுக்கு அழகாத் தெரியறது பனி இல்லீங்க, பனிக்குள்ள ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மங்கிக்கிட்டே போற பொருட்கள். கிட்ட இருக்கற மரம் கறுப்பு, அதுக்குப் பின்னாடி இருக்கறது கரும்பழுப்பு, அடுத்தது வெளுப்பு, கடைசியில ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியாது. இந்த வரிசை பிரேமுக்குள்ள இல்லன்னா சாம்பல்தான் மிச்சம். அதனால முதல்ல கிட்டத்துல ஒரு அடர்த்தியான பொருளத் தேடுங்க, வேலிக் கம்பம், மொட்டை மரம், நிக்கற மாடு, ஏதோ ஒண்ணு. அப்புறம் பின்னாடி ரெண்டு மூணு அடுக்கு வர்ற மாதிரி நகந்து நகந்து பாருங்க. 85 எம்எம், 135 எம்எம் மாதிரி கொஞ்சம் நீளமான லென்ஸ் இருந்தா போடுங்க, அடுக்குங்க நெருங்கி வந்து நிக்கும்.

எக்ஸ்போஷர்ல, அதாவது படத்துக்கு எவ்ளோ வெளிச்சம் விடறதுங்கறதுல, கேமராவ நம்பாதீங்க. அதுக்குள்ள இருக்கற மீட்டர், எதிர்ல இருக்கறது எல்லாம் சராசரியா 18 சதவீத சாம்பல்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடும், வெள்ளையா பனியக் காட்டினா அதையும் சாம்பலாக்கிடும். கேமரா போட்ட அந்தக் கணக்க நாம கூட்டிக் குறைக்கற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன பிளஸ் 1ல வைங்க, படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்ளோன்னு காட்டற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது பக்கமா நகரணும், ஆனா வலது சுவத்துல முட்டக்கூடாது. ஆட்டோ போகஸ் பிடிக்க கான்ட்ராஸ்ட் இல்லாம முன்னயும் பின்னயும் அலையும், அப்ப அந்தக் கம்பத்தோட ஓரத்துல வச்சு போகஸ் பண்ணிட்டு மேனுவலுக்கு மாத்திடுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் எடிட்டிங்ல மங்கல நீக்கற டீஹேஸ் ஸ்லைடர தொடவே தொடாதீங்க, பனிக்காகப் போயிட்டு பனியத் தொடச்சு எடுத்தா என்ன மிச்சம் இருக்கும்?

எப்ப வரும்னு கணிக்கறதும் ஒரு பாதி வேலை. பகல்ல மழை பெஞ்சு தரை ஈரமா இருக்கணும், ராத்திரி வானம் தெளிஞ்சிடணும், காத்து கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. அப்பதான் தரை வேகமா குளிர்ந்து, அத ஒட்டி இருக்கற காத்துல இருக்கற ஈரம் துளித்துளியா மாறும். வெதர் ஆப்ல வெப்பநிலை ஒரு எண், காத்துல இருக்கற ஈரம் துளியா மாற ஆரம்பிக்கற வெப்பநிலையான டியூ பாயிண்ட் ஒரு எண் காட்டும், விடியக்காலையில ரெண்டும் ஒண்ணா வர்ற மாதிரி இருந்தா அலாரம் வச்சிடுங்க. பள்ளமான இடம், ஆத்தோரம், குளத்துப் பக்கம் முதல்ல பிடிக்கும். பக்கத்துல சின்ன மேடு இருந்தா அது மேல ஏறி நிக்கறது இன்னும் நல்லது, பனி கீழ படுத்துக் கெடக்கும், மர உச்சிங்க மட்டும் வெளிய நிக்கும். சூரியன் வந்து பனி பிரியற அந்தக் கொஞ்ச நேரம்தான் உச்சம், வெளிச்சம் கோடு கோடா கிளைக்குள்ள பூந்து வரும், அந்த நேரத்துல லென்ஸ் மாத்திக்கிட்டு நிக்காதீங்க.

கேள்வி: விடியறதுக்கு முன்னாடி டிரைபாட்ல கேமராவ வச்சுட்டுக் காத்திருந்தா லென்ஸ் மேல பனி படிஞ்சிடுது. தொடச்சாலும் திரும்ப வருது.

பதில்: தெளிஞ்ச வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கற கண்ணாடி தன்னோட சூட்ட மேல விட்டுக்கிட்டே இருக்கும், சுத்தி இருக்கற காத்த விடவே குளிர்ந்து போயிடும், அதான் தொடைக்கத் தொடைக்க வருது. லென்ஸ் முன்னாடி மாட்டற குழாய் மாதிரி மறைப்பு, ஹூட், அத மாட்டினாலே பாதி குறையும். மீதிக்கு நட்சத்திரம் எடுக்கறவங்க பண்ற வழி இருக்கு, கைய சூடு பண்ற ஹேண்ட் வார்மர் பாக்கெட்ட லென்ஸ் முன்பக்கம் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுடுவாங்க, இல்ல பவர் பேங்க்ல ஓடற ஹீட்டர் பட்டை வாங்கிக் கட்டுவாங்க. காத்திருக்கற நேரத்துல லென்ஸ் கீழ பாத்துக்கிட்டு இருந்தா அதுவும் நல்லது. வாயால மட்டும் ஊதாதீங்க, மூச்சுல ஈரம் இருக்கு.

கேள்வி: வெளியிலேர்ந்து வீட்டுக்குள்ள வந்ததும் கேமரா பூரா வேர்த்துப் போகுது. பேட்டரியும் பாதி நாள்லயே காலி. கேமரா கெட்டுப் போச்சா?

பதில்: கேமரா நல்லாத்தான் இருக்கு மேடம், பயப்படாதீங்க. ரூம் 22 டிகிரி, காத்துல ஈரப்பதம் 60 சதவீதம்னு வச்சுக்கங்க, அப்ப 14 டிகிரிக்குக் கீழ குளிர்ந்த எந்தப் பொருள் உள்ள வந்தாலும் அது மேல தண்ணி கோத்துக்கும். வெளியவே, அந்தக் குளிர்ந்த காத்துலயே, கேமராவ ஜிப் பையில போட்டு இறுக்கி மூடிட்டு உள்ள வாங்க. தண்ணி பை மேல படியும், உள்ள போகாது. ஒரு மணி நேரம், ரொம்பக் குளிர்னா ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பிரிங்க. படத்த உடனே பாக்கணும்னு கை துடிக்கும், தெரியும், அதுக்கு மெமரி கார்ட வெளியவே கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கங்க. ஈரம் கோத்த கேமராவ அப்படியே பைக்குள்ள மூடி வச்சா லென்ஸுக்குள்ள பூஞ்சை வர்றதுக்கு நாமளே வழி பண்ணின மாதிரி, அதனால நல்லாக் காஞ்சப்புறம்தான் உள்ள போகணும், கூட ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் இருக்கட்டும்.

பேட்டரி விஷயம், லித்தியம் அயான் பேட்டரிக்குள்ள நடக்கற ரசாயன வேலை குளிர்ல மந்தமாயிடும், உள்தடை ஏறிடும், அதனால சார்ஜ் இருந்தும் இல்லன்னு காட்டும். ஸ்பேர் பேட்டரிய சட்டை உள் பாக்கெட்ல, உடம்பு சூடு படற மாதிரி வைங்க, காலின்னு காட்டினத வெளிய எடுத்துட்டு சூடானத மாட்டுங்க, எடுத்தது உள் பாக்கெட்ல கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்தா திரும்பவும் ஓடும். ஒண்ணே ஒண்ணு, 0 டிகிரிக்குக் கீழ குளிர்ந்து இருக்கற பேட்டரிய சார்ஜ்ல போடக்கூடாது, அது நெஜமாவே கெட்டுப் போகும்.

கேள்வி: கைக்கொழந்தை இருக்கு. ரெண்டு வருஷமா கேமராவத் தூக்கிக்கிட்டு வெளிய போனதே இல்ல. மத்தவங்க போடற குளிர்காலப் படங்களப் பாக்கறப்ப அழுகையா வருது. இனிமே நான் போட்டோகிராபர்னு சொல்லிக்கலாமான்னே தெரியல.

பதில்: தாராளமா சொல்லிக்கலாம்மா. உங்க கேள்விய ரொம்ப நேரம் கையில வச்சிருந்தேன்.

செக் நாட்டுல இருக்கற ப்ராக் நகரத்துல யோசஃப் சூடெக்னு ஒரு போட்டோகிராபர் இருந்தாரு. முதல் உலகப் போர்ல அடிபட்டு வலது கை போயிடுச்சு. ஒத்தக் கையோட பெரிய பெரிய கேமராவெல்லாம் தூக்கிக்கிட்டு அலைஞ்சவரு, 1940ல, அந்த நகரம் ஜெர்மன் பிடியில இருந்த காலத்துல, தன் ஸ்டுடியோ ஜன்னல எடுக்க ஆரம்பிச்சாரு. 1954 வரைக்கும் அதே ஜன்னல். கண்ணாடியில ஆவி படிஞ்சு வழியற ஜன்னல், உறைபனி பூத்த ஜன்னல், வெளிய முறுக்கிக்கிட்டு நிக்கற ஒரு மரம், உள்பக்கம் விளிம்புல ஒரு டம்ளர். அந்தப் படங்களாலதான் உலகம் இன்னிக்கும் அவரப் பேசுது. நியூயார்க்ல சால் லைட்டர்னு இன்னொருத்தர், 2013ல இறந்தாரு, அம்பது வருஷத்துக்கு மேல ஒரே ஏரியாவுலதான் வாழ்ந்தாரு, அந்தத் தெருவுலயே மழையும் பனியும் படிஞ்ச கண்ணாடி வழியா மங்கலா ஒரு செவப்புக் குடை, ஒரு மஞ்ச வண்டின்னு எடுத்தாரு. ரெண்டு பேரும் கண்ணாடியில படியற ஈரத்தத் தொடைக்கல, அதத்தான் படமாக்கினாங்க.

உங்க வீட்லயும் ஒரு ஜன்னல் இருக்கும், குளிர்காலக் காலையில அதுவும் வேர்க்கும். கொழந்தை தூங்கறப்ப ஒரு பத்து நிமிஷம் போதும். லென்ஸ்ல எஃப் எண்ண சின்னதா, அதாவது லென்ஸோட திறப்பு பெருசாகற மாதிரி வச்சுட்டு, ஒரு தடவ துளியில போகஸ் பண்ணுங்க, வெளிய இருக்கறது கலரா கரையும், அடுத்த தடவ வெளிய இருக்கற மரத்துல போகஸ் பண்ணுங்க, துளிங்க வட்ட வட்டமா முன்னாடி மிதக்கும். கிட்டப் போனா துளிக்குள்ளயே அந்த மரம் தலைகீழா நிக்கறது தெரியும், ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ்தான். கொழந்தை எந்திரிச்சு அந்தக் கண்ணாடியில விரல் வச்சு இழுக்கும் பாருங்க, அந்தக் கோட்டு வழியா வெளிய இருக்கற வெளிச்சம் மட்டும் தெளிவா தெரியும், அத எடுங்க, பத்து வருஷம் கழிச்சு உங்ககிட்ட இருக்கற படங்கள்லயே அதுதான் பெருசா இருக்கும். குளிர்கால வெயில் தாழ்வா வர்றதால ரூமுக்குள்ள ரொம்ப தூரம் வந்து விழும், சுவத்துல விழற அந்தச் சாஞ்ச வெளிச்சம் வெயில் காலத்துல கெடைக்கவே கெடைக்காது.

கேள்வி: அண்ணா, நான் ஸ்டூடன்ட், போன் மட்டும்தான் இருக்கு. பனித்துளியோட சிலந்தி வலைய எடுத்தா பின்னாடி இருக்கற செடிதான் ஷார்ப்பா வருது, வலை காணாமலே போகுது.

பதில்: தம்பி, போன்லயே நல்லா வரும், நாலு விஷயம் பாத்துக்கோ. வலை ரொம்ப மெல்லிசு, போனுக்குப் பிடிமானம் இல்ல, அதனால பின்னாடி தாவிடுது. உன் கைய வலைக்குப் பக்கத்துல, அதே தூரத்துல காட்டு, வலைய உரசிடாத. கை மேல தொட்டு அமுக்கிப் பிடிச்சா போகஸும் எக்ஸ்போஷரும் லாக் ஆகும், அப்புறம் கைய எடுத்துடு. போன முன்ன பின்ன நகத்தாம எடுக்கணும், நகந்தா லாக் பண்ணினது வீண்.

அடுத்தது பின்னணி. வலைக்குப் பின்னாடி நிழல்ல இருக்கற இருட்டான புதர் வர்ற மாதிரி நில்லு, வெயில் எதிர்லயோ கொஞ்சம் பக்கவாட்டுலயோ இருந்து வலை மேல படணும். இருட்டு மேல துளிங்க மட்டும் எரியும். போன் வலைக்கு நேரா, சாயாம இருக்கணும், சாஞ்சா ஒரு ஓரம் மட்டும்தான் தெளிவா வரும். சூரியன் வந்த கொஞ்ச நேரத்துல துளி காஞ்சு வலை கண்ணுக்கே தெரியாமப் போயிடும், அதனால முந்தின நாள் சாயங்காலமே வேலியோரம் சுத்திப் பாத்து எங்கெங்க வலை இருக்குன்னு குறிச்சு வை. வட்ட வலை கட்டற சிலந்திங்கள்ல நெறைய வகை ராத்திரியோட ராத்திரியா புதுசா கட்டிடும், அதனால இன்னிக்கு கிழிஞ்சு கெடந்தாலும் நாளைக்கு அதே எடத்துல போய்ப் பாரு. ஸ்பிரே அடிச்சு துளி போடற பழக்கம் மட்டும் வேணாம், அது தானா படியற துளி மாதிரி வரவும் வராது, சிலந்தியோட வேலையும் கெடும்.

கேள்வி: பனிக்கட்டி கொட்டின இடத்துல எடுத்தா வெள்ளையே வரல, சில படம் நீலமா வேற இருக்கு.

பதில்: மூடுபனிக்குச் சொன்ன அதே மீட்டர் கதைதான், ஆனா இங்க இன்னும் அதிகம். புதுசா விழுந்த பனி மேல படற வெளிச்சத்துல 80, 90 சதவீதத்த திருப்பி அனுப்பிடும், அதனால பிளஸ் 1ல ஆரம்பிச்சு 2 வரைக்கும் போகலாம். நீலம், நிழல்ல இருக்கற பனி மேல நீல வானத்தோட வெளிச்சம் மட்டும் படறதால வருது, அது நெஜத்துலயே நீலம்தான். கேமரா மாத்தாம அப்படியே சேமிக்கற ரா பைல்ல எடுத்துட்டு, கலர் சாயலச் சரி பண்ற வொயிட் பேலன்ஸ அப்புறம் சரி பண்ணிக்கலாம், ஆனா பூராவும் எடுத்துடாதீங்க, நிழல்ல கொஞ்சம் நீலம் இருந்தாதான் பாக்கறவங்களுக்குக் குளிரும்.

கேள்வி: கிராமப்புறம் போறப்ப வயலுக்குள்ள இறங்கி எடுக்கலாமா? பறவைங்க வேற கிட்டப் போனா பறந்துடுது.

பதில்: கேக்காம இறங்காதீங்க. அந்த நெலம் ஒருத்தரோட உழைப்பு, குளிர்காலத்துல வெறுமனே கெடக்கற மாதிரி தெரியற மண்ணுக்குள்ளயும் வெதை இருக்கலாம். ஓரமா நடங்க, கேட் தொறந்து இருந்தா தொறந்தே விடுங்க, மூடி இருந்தா மூடிட்டுப் போங்க. அங்க வேலை செய்யறவங்களப் பாத்தா கேமராவ இறக்கிட்டு முதல்ல பேசுங்க. அவங்க படம் எடுத்தீங்கன்னா அடுத்த தடவ ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் குடுங்க, சத்தியமா சொல்றேன், அதுக்கப்புறம் எந்த மரத்துல ஆந்தை ஒக்காருது, எந்தப் பள்ளத்துல பனி பிடிக்கும்னு அவங்களே கூப்பிட்டுச் சொல்லுவாங்க.

பறவை விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். குளிர்ல சின்னப் பறவைங்க உடம்பு சூட்டக் காப்பாத்திக்கவே பகல் பூரா தின்னுக்கிட்டே இருக்கணும், நாம துரத்தி ஒவ்வொரு தடவ பறக்க வைக்கறப்பவும் அதுங்க சேத்து வச்ச தெம்பு செலவாகுது. பறக்கற படம் வேணும்னு கல் எறியறவங்களப் பாத்தா வயிறு எரியுது. காருக்குள்ளயே இருந்து, இன்ஜின ஆப் பண்ணிட்டு, கண்ணாடிய எறக்கி எடுங்க, ஆளப் பாத்துப் பயப்படற அளவுக்குப் பறவைங்க காரப் பாத்துப் பயப்படாது. இல்லன்னா ஒரு எடத்துல போய் அசையாம ஒக்காருங்க, அதுங்களா கிட்ட வரும். பறக்கறத எடுக்க ஷட்டர் வேகத்த 1/1000 செகண்டுக்கு மேல வைங்க, வெளிச்சத்துக்கு கேமரா காட்டற உணர்திறன், அந்த ஐஎஸ்ஓ எண், ஏறினா ஏறட்டும்.

கேள்வி: குளிர்கால அவுட்டிங்குக்குப் புது கேமரா வாங்கணுமா, இருக்கறதே போதுமா?

பதில்: போதும். அமெரிக்க போட்டோகிராபர் ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் 1893 பிப்ரவரி 22ல நியூயார்க் பிப்த் அவென்யூவுல கொட்டற பனிப்புயல்ல எடுத்த குதிரை வண்டிப் படம் கையில பிடிச்சு எடுக்கற கேமராவுல எடுத்தது, அந்தக் காலத்துல அதெல்லாம் சீரியஸான வேலைக்கு ஆகாதுன்னு பெரியவங்க ஒதுக்கி வச்சிருந்தாங்க. சரியான நொடிக்காக மூணு மணி நேரம் நின்னேன்னு அவரே எழுதியிருக்காரு. காசு இருந்தா ஸ்பேர் பேட்டரி ஒண்ணு, நல்ல ஷூ ஒண்ணு வாங்குங்க.

கேள்வி: கிளவுஸ் போட்டா டயல் சுத்த வரல, போடலன்னா விரல் விறைச்சுப் போகுது.

பதில்: ரெண்டு அடுக்கா போடுங்க, உள்ள டச் ஸ்கிரீன் வேலை செய்யற மெல்லிசு கிளவுஸ், மேல விரல் பகுதி மட்டும் மடக்கித் தொறக்கற தடிமனானது. மோடு, ஐஎஸ்ஓ, ரா செட்டிங் எல்லாம் வீட்லயே வச்சுட்டுக் கிளம்பினா வெளிய ஒரு டயலுக்கு மேல தொட வேண்டியிருக்காது. விரல் நுனி வெளுத்து உணர்ச்சி இல்லாமப் போச்சுன்னா அன்னிக்கு அதோட நிறுத்திட்டு சூடான எடத்துக்குப் போயிடுங்க, தேய்க்காதீங்க, மெதுவா சூடு ஏறட்டும். மெட்டல் டிரைபாட் காலப் பிடிச்சா கிளவுஸையும் தாண்டிக் குளிர் ஏறும், மேல் பகுதியில மட்டும் சைக்கிள் ஹேண்டில்பார் டேப் சுத்திடுங்க.